பன்னிரண்டு பேரும் ஒரு மாநில எல்லையும்: தெற்குத் திருவிதாங்கூர் 1948–1956, ஒரு நிகழ்வு ஆய்வு

1954 பிப்ரவரியில் திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபைக்குத் தேர்தல் நடந்தது. இன்றைய கேரளத்தின் தென்பகுதியும் குமரியும் சேர்ந்திருந்த மாநிலம் அது. மொத்தம் 117 இடங்கள். காங்கிரஸ் 45, கம்யூனிஸ்ட் கட்சி 23, பிரஜா சோஷலிஸ்ட் கட்சி 19, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 12. மீதி புரட்சி சோஷலிஸ்டுகளுக்கும் சுயேச்சைகளுக்கும் போயிற்று. தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது ஒன்றுதான்: தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும். அந்தச் சபையில் இந்தக் கோரிக்கைக்குப் பெரும்பான்மை கிடைக்க எந்த வழியும் இல்லை.

ஆனால் 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டம் என்ற பெயரில் சென்னை மாநிலத்துக்கு வந்துவிட்டன. ஆண்டுதோறும் அந்த நாளில் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். நாகர்கோவிலில், இணைப்புப் போராட்டத்தின் தலைவர் மார்ஷல் நேசமணி சிலைக்கு மாலை போடுகிறார்கள். நேசமணியின் உறுதியையும் தியாகிகளின் உயிரையும் பற்றி அன்று மேடைகளில் பேசப்படுவதெல்லாம் உண்மை. ஆனாலும் எனக்கு எப்போதும் முக்கியமாகப் படுவது வேறொரு கேள்வி. 117 பேர் சபையில் 12 பேர் வைத்திருந்த ஒரு கட்சிக்கு, மாநில எல்லையை மாற்றும் பலம் எங்கிருந்து வந்தது? மக்களாட்சியில் அதிகாரம் வாக்கிலிருந்து வருகிறது என்று பள்ளியில் படித்தோம். வாக்குக் கணக்கு மட்டும் பார்த்தால் இது நடந்திருக்கவே கூடாது.

வாக்குக்கு முன்னும் பின்னும்

திருவிதாங்கூரில் 1888லேயே சட்டமன்றக் குழு வந்துவிட்டது. இந்தியாவின் சுதேச சமஸ்தானங்களில் அதுவே முதலாவது. 1904ல் ஸ்ரீமூலம் பிரஜா சபை வந்தது. இவற்றில் மக்கள் குரலுக்கு இடம் இருந்தது. ஆனால் நிலவரி கட்டுகிறவர்களும் படித்தவர்களுமே அந்த மக்கள். அதிகாரம் அரண்மனையில் பிறந்து, மகாராஜா விட்ட அளவுக்குக் கீழே இறங்கியது. விளவங்கோட்டுப் பனையேறிக்கு அங்கே பேச்சே கிடையாது.

இதற்கு வெகு முன்பே இந்த மண்ணில் வேறொரு பழக்கமும் இருந்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வரிக்கொடுமை தாங்காமல் நாஞ்சில் நாட்டார் (அகஸ்தீஸ்வரம், தோவாளைப் பகுதியின் ஊர்ச் சபையார்) ஊர்கூடி, இனி வரி கொடுப்பதில்லை என்று தீர்மானித்து எழுதிய ஓலைகள் கிடைத்திருக்கின்றன. மன்னன் ஆள்வதற்கும் கீழே இருப்பவர்களின் சம்மதம் வேண்டும், அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும் என்று அந்த நாட்டாருக்குத் தெரிந்திருந்தது. வாக்குரிமை இல்லாத காலத்தின் அந்த நினைவு 1954ஐப் பார்க்கும்போது உதவுகிறது.

வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்ற முறையில் திருவிதாங்கூர் முதன்முதலாகத் தேர்தல் கண்டது 1948 பிப்ரவரியில். 120 இடங்களில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் 97, தமிழ்நாடு காங்கிரஸ் 14, முஸ்லிம் லீக் 9. தெற்கே சாமானியர்கள் முதல் தடவையாக வாக்குப் பெட்டியைத் தொட்டார்கள். 14 பிரதிநிதிகளை அனுப்பினார்கள். அனுப்பிய அன்றே, அந்த 14 பேரால் தனியாக எதையும் நிறைவேற்ற முடியாது என்பதும் முடிவாகிவிட்டது.

இன்றைய சிறுபான்மை நாளைய பெரும்பான்மையாகலாம் என்ற நம்பிக்கைதான் தோற்றவனைத் தேர்தல் முடிவை ஏற்கவைக்கிறது. நெல் விலையிலோ மதுவிலக்கிலோ கருத்து மாறும்; அடுத்த தேர்தலில் கணக்கும் மாறும். தாய்மொழி அப்படி மாறுவதில்லை. 1949 ஜூலையில் கொச்சியும் சேர்ந்தபின், அந்தப் பெரிய மாநிலத்துக்குள் தமிழர் எத்தனை தேர்தல் நின்றாலும் எண்ணிக்கையில் அதே சிறுபான்மைதான். அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் பத்திரப்பதிவிலும் மலையாளம் நடந்த காலம் அது. தன் மனுவைத் தானே படிக்க முடியாதவனிடம் "உனக்கும் ஒரு வாக்கு இருக்கிறதே" என்று சொன்னால் அவன் வயிறு எரியத்தான் செய்யும்.

கட்சியின் பின்புலத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1945ல் தொடங்கி 1946ல் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று பெயர் மாறிய இந்த இயக்கத்துக்குக் கல்குளம், விளவங்கோடு நாடார் மக்களே பெரிய பலம். மொழிக்குறையோடு சாதிக்குறையும் சேர்ந்துதான் இந்த இயக்கம் எரிந்தது. திருவிதாங்கூர் நிர்வாகத்தில் யார் மேலே, யார் கீழே என்பதில் நூறு ஆண்டுக் கசப்பு இருந்தது. நாஞ்சில் நாட்டு வேளாளரும் மீனவ ஊர்களும் அதே வேகத்தோடு, அதே நாளில் வந்து சேர்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. பலதரப்பட்ட தலைவர்களை ஒரே கோரிக்கையின் கீழ் நிறுத்தியதுதான் நேசமணி காலத்தின் கடினமான வேலை.

எட்டுப் பேர் தேவைப்பட்டபோது

1952 பொதுத்தேர்தலில் 108 இடங்களில் காங்கிரசுக்கு 44. தமிழ்நாடு காங்கிரசுக்கு 8. நாகர்கோவில் தொகுதியிலிருந்து நேசமணி மக்களவைக்குப் போனார். அங்கே தன் கட்சிக்கு அவர் ஒருவர்தான்.

திருவனந்தபுரத்தில் காங்கிரசால் தனியாக ஆள முடியவில்லை. ஏ. ஜே. ஜான் தலைமையில் மந்திரிசபை அமைந்தபோது இந்த எட்டுப் பேரின் ஆதரவு வேண்டியிருந்தது. சிதம்பரநாதன் நாடார் மந்திரியானார். 1948ல் 14 இடம் இருந்தும் கிடைக்காத மரியாதை, 1952ல் எட்டு இடத்துக்குக் கிடைத்தது. இடங்கள் குறைந்தன, பலம் கூடியது. எதிரே இருந்தவருக்கு ஆட்கள் போதவில்லை என்பதே காரணம்.

1953ல் அந்த எட்டுப் பேரும் ஆதரவை விலக்கினார்கள். செப்டம்பரில் மந்திரிசபை கவிழ்ந்தது, சபை கலைந்தது, 1954 தேர்தல் வந்தது. நாட்டார் ஓலையில் செய்ததைச் சட்டசபைக்குள் செய்தார்கள் என்று நான் இதைப் படிக்கிறேன். "தரமாட்டோம்" என்று சொல்லக்கூடியவர்களின் "தருகிறோம்" என்ற சொல்லுக்குத்தான் விலை இருந்தது.

பன்னிரண்டு பேர் தேவைப்படாதபோது

1954 முடிவுகளுக்கு வருவோம். பெரும்பான்மைக்கு 59 வேண்டும். வெறும் 19 உறுப்பினர்களை வைத்திருந்த பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப் பிள்ளை முதலமைச்சரானார். 45 பேர் கொண்ட காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரித்தது. 45ம் 19ம் 64. தமிழ்நாடு காங்கிரஸ் எட்டிலிருந்து பன்னிரண்டாக வளர்ந்திருந்தது. ஆனால் யாருக்கும் அந்தப் பன்னிரண்டு தேவையில்லை. மக்கள் முன்பைவிட அதிக உறுப்பினர்களை அனுப்பிக் கட்சியை வலுப்படுத்திய ஆண்டில்தான் சபைக்குள் அது முற்றிலும் செயலற்றுப்போனது.

இந்த நிகழ்வில் நான் அதிக நேரம் நின்று யோசித்தது இந்த இடத்தில்தான். வாக்கு அதிகாரத்தைத் தரும் என்றால் 1954 மார்ச்சில் தெற்கின் அதிகாரம் கூடியிருக்க வேண்டும். குறைந்தது. வாக்கு பிரதிநிதியைத் தருகிறது. அந்தப் பிரதிநிதிக்கு எவ்வளவு பலம் என்பதைச் சபையில் உள்ள மற்றவர்களின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. நாகர்கோவிலில் விழுந்த வாக்கின் மதிப்பைத் திருச்சூரிலும் கோட்டயத்திலும் விழுந்த வாக்குகள் நிர்ணயித்தன.

சபையில் வழி அடைபட்டதும் போராட்டம் தெருவுக்கு வந்தது. முதலில் மலைமேல். தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் மேல் அடக்குமுறை நடந்தது. தடையை மீறி மூணாறுக்குப் போன நேசமணி கைதானார். தொடர்ந்து 1954 ஆகஸ்ட் 11ஐ விடுதலை நாளாக அறிவித்தார்கள். தலைவர்கள் பலர் உள்ளே இருந்தார்கள். குஞ்சன் நாடார் வெளியே தலைமை தாங்கினார். கடையடைப்பு, பஸ் மறியல், ஊர்வலம். மார்த்தாண்டத்திலும் (தொடுவெட்டி என்பது அந்த ஊரின் பழைய பெயர்) புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. நிராயுதபாணிகள் இறந்தார்கள். புதுக்கடையில் தியாகிகளுக்கு நினைவுத்தூண் இருக்கிறது.

அந்த 19 பேர் ஆட்சி சட்டப்படி முழு உரிமையுள்ள ஆட்சி. தேர்தல் முறையாக நடந்தது. 64 பேர் கணக்கு சரியாக இருந்தது. ஆனால் தெற்கு நான்கு தாலுகாக்களில் அந்த ஆட்சியின் ஆணையைத் துப்பாக்கி இல்லாமல் நடத்த முடியவில்லை. பஸ்ஸை ஓட்டக்கூட போலீஸ் வேண்டும் என்ற நிலை வந்துவிட்டால், அங்கே ஆட்சி செய்வதற்கான சம்மதம் போய்விட்டது என்றுதான் பொருள். சபையின் பெரும்பான்மை அதை ஈடுகட்டாது.

இதை அப்போதே புரிந்துகொண்டு உரக்கச் சொன்னவர் ராம் மனோகர் லோகியா. ஆளும் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் அவர். உத்தரப் பிரதேசத்தில் பாசன வரி உயர்வை எதிர்த்த போராட்டத்தில் நைனி சிறையில் இருந்தார். சுதந்திர இந்தியாவில் மக்கள்மேல் சுட்ட அரசு பதவியில் நீடிக்கக் கூடாது, அது நம் கட்சியின் அரசானாலும் சரி என்பது அவர் நிலை. பட்டம் பதவி விலக வேண்டும் என்று தந்தி கொடுத்தார். பட்டம் விலகவில்லை, கட்சித் தலைமையும் லோகியாவின் பக்கம் நிற்கவில்லை. அந்தப் பிளவு முற்றி 1955ல் லோகியா கட்சியை விட்டே வெளியேறினார். குமரியில் இந்தச் செய்தி இன்று பலருக்குத் தெரியாது. விளவங்கோட்டில் செத்தவர்களுக்காக, அவர்களுக்கு வாக்களிக்கவோ அவர்களிடம் வாக்குக் கேட்கவோ தேவையில்லாத ஒருவர் தன் கட்சியின் ஒரே மாநில ஆட்சியைப் பலியிடச் சொன்னார். அதற்கு நன்றியோடு இருக்க வேண்டும்.

சில மாதத்தில் கணக்கு திரும்பியது. காங்கிரஸ் பட்டத்துக்குக் கொடுத்த ஆதரவை எடுத்துக்கொண்டது. 1955 பிப்ரவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அரசு வீழ்ந்தது. பனம்பிள்ளி கோவிந்த மேனன் தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை அமைக்க முன்வந்தபோது, 45 பேர் போதவில்லை. பன்னிரண்டு பேர் மறுபடி வேண்டியவர்களானார்கள். சிறையில் அடைக்கப்பட்ட கட்சி ஆறு மாதத்தில் ஆட்சியைத் தாங்கும் கட்சியாயிற்று.

டெல்லிக்கு எப்படிப் போனது

இத்தனை கவிழ்ப்புக்குப் பிறகும் திருவனந்தபுரத்தால் எல்லையை நகர்த்த முடியாது. நகர்த்த மனம் வந்தாலும் முடியாது. அரசியல் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி மாநிலங்களைப் பிரிப்பதும் சேர்ப்பதும் நாடாளுமன்றத்தின் அதிகாரம். சம்பந்தப்பட்ட மாநிலச் சட்டசபையின் கருத்தைக் கேட்க வேண்டும். அந்தக் கருத்துக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. 4ஆம் பிரிவு இதை அரசியல் சட்டத் திருத்தமாகக்கூடக் கருதவில்லை. சாதாரணப் பெரும்பான்மை போதும்.

ஆக, கடைசிச் சொல் மக்களவையில். அங்கே 489 பேரில் தமிழ்நாடு காங்கிரசுக்கு ஒருவர். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் திருவனந்தபுரத்தைவிட டெல்லியில் நிலைமை மோசம். ஆனால் அங்கேதான் காரியம் நடந்தது.

ஏன்? அந்தக் கதவைத் திறந்தவர்கள் குமரிக்காரர்கள் இல்லை. 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு தெலுங்கருக்குத் தனி மாநிலம் கேட்டு உண்ணாவிரதம் இருந்து இறந்தார். 1953 அக்டோபரில் ஆந்திரா பிறந்தது. மொழிவாரி மாநிலக் கோரிக்கையை இனித் தள்ளிப்போட முடியாது என்று டெல்லிக்குப் புரிந்தது. 1953 டிசம்பரில் ஃபசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூவரும் அடங்கிய மாநில மறுசீரமைப்பு ஆணையம் அமைந்தது. 12 இடங்கள் வென்ற கட்சி, 12 இடங்களோடும் சிறைசென்ற தலைவர்களோடும் சுடப்பட்ட ஊர்களோடும் அந்த ஆணையத்தின் முன் நின்றது. இந்த மக்கள் என்ன விரும்புகிறார்கள் என்பதற்குத் தேர்தல் முடிவு அங்கே சான்றாயிற்று. சபையில் எதையும் நிறைவேற்றாத வாக்குகள் ஆணையத்தின் மேசையில் ஆதாரமாக வேலை செய்தன.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட வலுவாகத் தெரிகிறது. மலையாளிகளுக்கும் அப்போது ஐக்கிய கேரளம் வேண்டியிருந்தது. சென்னை மாநிலத்தில் இருந்த மலபார், மொழி ஒன்று என்ற நியாயத்தில்தான் கேரளத்துக்கு வர முடியும். அதே நியாயத்தைக் கல்குளத்துக்கும் தோவாளைக்கும் மறுப்பது எப்படி? மலபாரைக் கேட்ட அதே வாய் விளவங்கோட்டைப் பிடித்து வைக்க வேண்டிய சங்கடம் அது. எதிர்த்தரப்புக்கே தேவைப்பட்ட ஒரு கொள்கையில் தன் கோரிக்கையைக் கோத்துவிட்டதால், தெற்குத் திருவிதாங்கூருக்குச் சபையில் இல்லாத பலம் வாதத்தில் கிடைத்தது.

1955 செப்டம்பர் 30ல் அறிக்கை வந்தது. நான்கு தெற்குத் தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னைக்கு என்று பரிந்துரை. 1956 மார்ச்சில் பனம்பிள்ளி மந்திரிசபையும் விழுந்து குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஆகஸ்ட் 31ல் மாநில மறுசீரமைப்புச் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தபோது திருவனந்தபுரத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த அரசே இல்லை. செங்கோட்டையில் ஒரு பகுதிதான் கடைசியில் வந்தது.

வராதவர்கள்

தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. மலைத் தோட்டப் பகுதியிலும் தமிழ்நாடு காங்கிரஸ் வாக்கு வாங்கி வென்றது. அங்கேயும் மக்கள் சிறைசென்றார்கள். போராட்டம் சூடு பிடித்ததே அங்கேதான். ஆனால் தோட்டத் தொழிலாளர்களை நிலையாகக் குடியிருப்பவர்களாக ஆணையம் எண்ணவில்லை. மலைத்தொடரின் பொருளாதாரம் கேரளத்துக்கு வேண்டும் என்ற காரணமும் சேர்ந்தது. நெய்யாற்றின்கரையும் (இன்றைய பாலக்காடு மாவட்டத்துச்) சித்தூரும் கேட்கப்பட்டும் வரவில்லை.

இந்த ஆய்வில் என்னை அதிகம் வருத்துவது இதுதான். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் குடியிருந்து கொழுந்து பறித்தவளின் வாக்கும் கல்குளத்து விவசாயியின் வாக்கும் பெட்டியில் ஒன்றாகத்தான் விழுந்தன. ஒருவர் பெயரில் சர்வே எண் இருந்தது. மற்றவர் பெயரில் இல்லை. வயதுவந்த எல்லோருக்கும் வாக்கு வந்து எட்டு ஆண்டு ஆகியும், ஊரின் உரிமையாளர் யார் என்று கேட்டபோது நிலம்தான் பேசியது. 1904ன் பிரஜா சபை போன பாதை முழுவதும் மூடப்படவில்லை.

இணைந்த பிறகு

கோரிக்கை நிறைவேறியதும் தமிழ்நாடு காங்கிரஸ் இந்திய தேசிய காங்கிரசில் கரைந்தது. நேசமணி 1957ல் கிள்ளியூரிலிருந்து சென்னைச் சட்டசபைக்குப் போனார். 1962ல் மறுபடி நாகர்கோவில் எம்.பி. 1968ல் அவர் மறைந்ததும் வந்த இடைத்தேர்தலில், 1969 ஜனவரியில், காமராஜர் அங்கே நின்று வென்றார். கட்சி கரைந்தது சரிதானா என்று இன்றும் மாவட்டத்தில் வாதம் நடக்கும். என் கருத்து: எல்லைக்காகப் பிறந்த கட்சி எல்லை வந்தபின் நின்றிருந்தால் சாதிக் கட்சியாகச் சுருங்கியிருக்கும். ஆனால் கரைந்ததில் ஒரு நஷ்டம் உண்டு. எட்டுப் பேரும் பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் "விலகுவோம்" என்று சொல்லும் வசதி போய்விட்டது. இன்று மாவட்டத்தில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். தமிழ்நாட்டுச் சட்டசபையில் 234 இடங்கள். மொழியில் பெரும்பான்மையோடு சேர்ந்துவிட்டோம். எண்ணிக்கையில் இன்னும் சிறிய பங்கானோம்.

எல்லை எதையெல்லாம் மாற்றியது என்பதற்கு நெய்யாறு இடதுகரைச் சானலைப் பார்க்க வேண்டும். நெய்யாற்றுத் திட்டம் இரு பகுதியும் ஒரே மாநிலமாக இருந்தபோது தொடங்கியது. அணை இன்று கேரளத்தில். அதன் இடதுகரைச் சானல் விளவங்கோடு தாலுகாவில் 9,200 ஏக்கருக்குத் தண்ணீர் கொண்டுவர வெட்டப்பட்டது. 1956க்குப் பின்னும் பல பத்தாண்டுகள் தண்ணீர் வந்தது. 2004ல் கேரளம் நிறுத்தியது. நெய்யாறு கேரளத்திலேயே பிறந்து பூவாறில் கடல் சேரும் ஆறு, மாநிலங்களுக்கிடையிலான நதியே அல்ல என்பது அவர்கள் வாதம். 2012ல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

சானல்கரையில் நின்று யோசித்தால் காரணம் தெளிவு. 1956க்கு முன்பு இந்த ஏலாக்களின் (வயல்வெளிகளின்) விவசாயி திருவனந்தபுரத்தில் ஒரு வாக்காளன். சிறுபான்மைதான், ஆனாலும் அணையைத் திறக்கும் மந்திரிக்கு எட்டுப் பேரோ பன்னிரண்டு பேரோ என்றாவது தேவைப்படலாம். இணைந்த பிறகு, அணையின் சாவியை வைத்திருக்கும் அரசுக்கு இவன் வாக்கு ஒருநாளும் தேவைப்படாது. இவன் வாக்கு தேவைப்படும் அரசிடம் அணையின் சாவி இல்லை. இணைப்பு தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. தாய்மொழியில் பள்ளி, அலுவலகம், நீதிமன்றம் என்று கிடைத்தவற்றை எந்தத் தராசிலும் குறைத்து நிறுக்க மாட்டேன். ஆனால் எல்லை கைமாறியபோது, ஓர் உரிமையோடு சேர்த்து ஒரு பிடியையும் விட்டுவந்திருக்கிறோம். அதற்கு ஈடு எதுவும் கேட்டு வாங்கவில்லை.

ஈட்டுக்கு வழி அப்போதே திறந்திருந்தது. அரசியல் சட்டத்தின் 262ஆம் பிரிவு நதிநீர்ச் சிக்கலை நாடாளுமன்றத்தின் கையில் கொடுக்கிறது. எல்லைகளை மாற்றிய அதே 1956ல், அதே நாடாளுமன்றம் மாநிலங்களுக்கிடையிலான நதிநீர்த் தகராறுச் சட்டத்தையும் நதி வாரியச் சட்டத்தையும் நிறைவேற்றியது. நதி வாரியச் சட்டத்தின் கீழ் இதுவரை ஒரு வாரியமும் அமையவில்லை. விளவங்கோட்டு வாக்காளரின் எம்.பி.யும் நெய்யாற்றின்கரை வாக்காளரின் எம்.பி.யும் இன்றும் உட்காரும் ஒரே சபை மக்களவைதான்.

அடுத்த நாடாளுமன்றத் தேர்தலில் விளவங்கோட்டுக்கு வாக்குக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும் அவரிடம் இரண்டு கேள்வி கேட்கலாம். நெய்யாற்றுக்கு ஒரு வாரியம் வேண்டும் என்று மக்களவையில் பெயர் சொல்லிக் கோருவீர்களா? கோரினால், டெல்லியில் ஆள்பவருக்கு உங்கள் ஒரு வாக்கு எந்த நாளில், எதற்காகத் தேவைப்படும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறீர்களா?